ஒரே வேகத்தில் மலை இறங்கும் பஸ்ஸின் ஆற்றல் எங்கே போகிறது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள், ஒரு பொருள் மாறாத வேகத்தில் நேராகப் போனால் அதன் மேல் விசை இல்லை என்று பாடத்தில் படித்துவிட்டு, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பஸ்ஸை நினைத்துக் குழம்பியிருக்கிறாள். பஸ் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் இறங்குகிறது. அப்படியானால் அதன் மேல் விசையே இல்லையா, இல்லையென்றால் டிரைவர் எதற்காக இரண்டாம் கியரில் போட்டு இன்ஜின் உறும உறும இறக்குகிறார் என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் அதோடு, ஆற்றலை அழிக்க முடியாது என்றால் குறைந்துபோன உயரத்தின் ஆற்றல் எங்கே போயிற்று என்பதையும் சேர்த்திருக்கிறீர்கள். பார்வைக்கு ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இவை இரண்டு கேள்விகள். முதலாவது விசையைப் பற்றியது, இரண்டாவது ஆற்றலைப் பற்றியது. நீலகிரியில் பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விசையின் கணக்கு சமமாகிவிட்டால் ஆற்றலின் கணக்கும் அங்கேயே முடிந்துவிட்டது என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியே பார்த்துவிடுவோம்.

விசையில் தொடங்கலாம். பாடம் சொல்வது "விசை இல்லை" என்பதை அல்ல, "நிகர விசை இல்லை" என்பதை. எல்லா விசைகளையும் கூட்டிக் கழித்தபின் மிஞ்சுவதுதான் நிகர விசை. "நிகர" என்ற அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுத்தான் பெரும்பாலான பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்விலும் அதற்கு மதிப்பெண் குறைவதில்லை என்பது வேறு கதை. பஸ்ஸின் நிறையை 10,000 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். ஆள் நிறைந்த பஸ் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும், கணக்குக்கு இந்த எண் வசதி. இதன் எடை 98,000 நியூட்டன். குன்னூர் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,710 மீட்டர் உயரத்திலும் மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டரிலும் இருக்கின்றன. வித்தியாசத்தை 1,400 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சாலை ஏறத்தாழ 34 கிலோமீட்டர். ஆக, 100 மீட்டர் போனால் 4 மீட்டர் இறக்கம் என்பது சராசரி. மலையடிவாரத்தில் உள்ள கல்லாறு தாண்டியபின் சாலை சமதளத்தை நெருங்கிவிடுவதால், மலைப்பகுதியில் மட்டும் பார்த்தால் சரிவு இந்தச் சராசரியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

இந்தச் சரிவில் எடையின் 100இல் 4 பங்கு, அதாவது சுமார் 3,900 நியூட்டன், சாலையின் போக்கிலேயே பஸ்ஸைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பே இல்லாவிட்டால் பஸ்ஸின் வேகம் வினாடிக்கு வினாடி கூடிக்கொண்டே போகும். வேகம் கூடவில்லை என்றால், அதே 3,900 நியூட்டன் பின்னோக்கியும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலமாக இருந்தால் கயிறு நகராதுதான். அதற்காகக் கயிற்றை யாருமே இழுக்கவில்லை என்று சொல்லமாட்டோம். டிரைவர் செய்யும் வேலை முழுவதும் அந்தப் பின்னோக்கிய விசையை உண்டாக்கி, அதைச் சரிவுக்குத் தக்கபடி கூட்டிக் குறைப்பதுதான். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. நியூட்டன் 1687இல் வெளியிட்ட முதல் விதியும் இதைத்தான் சொல்கிறது.

கொண்டை ஊசி வளைவில் மட்டும் இது பொருந்தாது. அங்கே வேகம் மாறாவிட்டாலும் திசை மாறுகிறது, ஆகவே திசைவேகம் மாறுகிறது, ஆகவே வளைவின் உட்புறம் நோக்கி ஒரு நிகர விசை இருந்தே ஆகவேண்டும். அதைக் கொடுப்பது டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வு. 12 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 15 கிலோமீட்டரில் திரும்பினால், தேவைப்படும் விசை பஸ்ஸின் எடையில் சுமார் 15 சதவீதம். அதே வளைவை 30இல் திரும்பினால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு, அதாவது ஏறக்குறைய 60 சதவீதம். காய்ந்த சாலை இதைத் தாங்கலாம், மழையில் நனைந்த சாலை தாங்கும் என்று நம்பி இறங்குவது சரியல்ல. குன்னூர்ச் சாலையின் 14 வளைவுகளிலும் டிரைவர் ஏன் அவ்வளவு மெதுவாகப் போகிறார் என்பதற்கு இதுவே போதும். இனி ஆற்றலுக்கு வருவோம். கேள்வியின் கனமான பகுதி அதுதான்.

10,000 கிலோ நிறை 1,400 மீட்டர் கீழே வந்தால், இழக்கும் நிலை ஆற்றல், அதாவது உயரத்தில் இருப்பதால் வந்த ஆற்றல், நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கல்: சுமார் 13 கோடியே 70 லட்சம் ஜூல். ஜூல் கணக்கில் சொன்னால் பிள்ளைகளுக்கு உருவம் பிடிபடாது. மின்வாரிய அட்டையில் வரும் கணக்கில் சொன்னால் இது 38 யூனிட். இன்னொரு விதமாகச் சொன்னால், 20 டிகிரியில் இருக்கும் 400 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல். ஒவ்வொரு முறை பஸ் இறங்கும்போதும் இவ்வளவு ஆற்றலை எங்காவது தள்ளிவிட்டாகவேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்பதால், வினாடிக்குச் சுமார் 34,000 ஜூல், அதாவது 34 கிலோவாட். வீட்டுத் துணி தேய்க்கும் பெட்டிகள் முப்பதுக்கு மேல் ஒரே நேரத்தில் சூடேறிக்கொண்டிருந்தால் எவ்வளவோ, அவ்வளவு.

இதை இயக்க ஆற்றலோடு, அதாவது ஓடுவதால் பஸ்ஸுக்கு இருக்கும் ஆற்றலோடு, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் அதே பஸ்ஸின் இயக்க ஆற்றல் வெறும் மூன்றரை லட்சம் ஜூல்தான். இறக்கத்தில் இழக்கும் ஆற்றலில் இது ஏறக்குறைய 400இல் ஒரு பங்குதான். சமவெளியில் பிரேக் பிடித்து ஒரு முறை நிறுத்துவதற்கும் மலையிறங்கும் முழு நேரமும் பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த 400 மடங்கில் அடங்கியிருக்கிறது. சமவெளியில் நன்றாக வண்டி ஓட்டும் பலர் மலையில் தவறுவது கை சரியில்லாததால் அல்ல. இந்தக் கணக்கு அவர்களுக்கு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால், மூன்றரை மீட்டர் உயரம் எதிர்ப்பில்லாமல் இறங்கினாலே, அதாவது நம் சரிவில் சாலையில் 90 மீட்டர் போனாலே, பஸ்ஸின் இயக்க ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். வேகம் 30இலிருந்து 42க்கு ஏறிவிடும். 1,400 மீட்டர் உயரமும் எதிர்ப்பே இல்லாமல் இறங்குவதாகக் கற்பனை செய்தால், கீழே சேரும்போது வேகம் மணிக்கு 600 கிலோமீட்டர் அளவில் இருக்கவேண்டும். பஸ் 30இல்தான் வந்து சேர்கிறது என்றால், கிட்டத்தட்ட முழு ஆற்றலும் வழியிலேயே வெப்பமாகிவிட்டது. "எங்கே போயிற்று" என்பதற்கு ஒரு சொல் விடை அதுதான்: வெப்பம். ஆனால் எந்த இடத்தில் வெப்பமாகிறது என்பதில்தான் உயிருக்கும் ஆபத்துக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

ஒரு பகுதி டயர் உருள்வதிலும் காற்றைக் கிழிப்பதிலும் போகிறது. டயரின் தன்மை, காற்றழுத்தம், சாலையின் நிலை ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும் என்பதால் இங்கே நான் தருவது மதிப்பீடு மட்டுமே: இந்த வேகத்தில் மொத்தத்தில் கால் பங்கு வரை இருக்கலாம். மீதி முக்கால் பங்கை டிரைவர் பிரேக்கிலோ இன்ஜினிலோ தள்ளவேண்டும். மூன்றாவது வழி சாதாரண பஸ்ஸில் இல்லை.

பிரேக்கில் தள்ளினால் என்ன ஆகும்? பஸ்ஸின் பிரேக் டிரம்கள் அனைத்தும் சேர்த்து 200 கிலோ இரும்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 460 ஜூல் போதும். முக்கால் பங்கு ஆற்றலும் அங்கேயே தங்கிவிட்டால் டிரம்மின் வெப்பநிலை 1,000 டிகிரிக்கு மேல் உயரவேண்டும். உண்மையில் அப்படி உயர்வதில்லை. காற்று பட்டு டிரம் ஆறிக்கொண்டேயிருக்கும், ஆகவே இந்த எண்ணை யாரும் நேரடியாக எடுத்துக்கொள்ளவேண்டாம். ஆனால் எந்தத் திசையில் போகிறோம் என்பதை அது காட்டிவிடுகிறது. டிரம் சூடாகச் சூடாக மூன்று கெடுதல்கள் சேர்கின்றன. டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங்கின் உராய்வுத் திறன் குறைகிறது. டிரம் விரிந்து லைனிங்கிலிருந்து விலகுகிறது. காரில் இருப்பது போன்ற எண்ணெய் பிரேக்காக இருந்தால் பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம் என்பதால், பெடல் பஞ்சு போல உள்ளே போகுமே தவிர சக்கரத்தைப் பிடிக்காது. பரவலாகப் பயன்படும் டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தர அளவு. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்ட பழைய ஆயிலுக்கு அந்த எல்லை 140 டிகிரி. ஆயிலைக் காலாகாலத்தில் மாற்றாத வண்டி மலையில் முதலில் மாட்டிக்கொள்வதற்கு இந்த இரண்டு எண்களே காரணம்.

இதே சாலையில் பர்லியார் பக்கம் சீசன் நாட்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம், மூக்காலும் உணரலாம். வெளியூர்க் கார் ஒன்று ஓரம் கட்டியிருக்கும். முன் சக்கரத்துக்குள்ளிருந்து மெல்லிய நீலப்புகை கசியும். ரப்பரும் பிசினும் ஒன்றாகக் கருகியது போல ஒரு வாடை வரும். யாராவது ஒருவர் பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றுவார், "சுர்" என்று ஆவி கிளம்பும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மேற்பரப்பு மட்டும் சட்டென்று குளிர்ந்து சுருங்க, உட்பகுதி விரிந்தபடியே இருந்தால் டிஸ்க்கும் டிரம்மும் விரிசல் விடும். அரை மணி நேரம் நிறுத்திவைத்துத் தானாக ஆறவிடுவதே முறை. கைப்பிரேக்கை இறுக்கி வைப்பதைவிட, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது.

இப்போது இரண்டாம் கியருக்கு வருகிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியைக் கியரிலேயே விட்டால், இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றுவதற்குப் பதிலாகச் சக்கரம் இன்ஜினைச் சுழற்றுகிறது. இன்ஜினைச் சும்மா சுழற்றவும் ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் பஸ்ஸின் நிலை ஆற்றலிலிருந்து வருகிறது. சிலிண்டருக்குள் காற்றை அமுக்குவதில்தான் அத்தனை ஆற்றலும் செலவாகிறது என்று பலரும் விளக்குவார்கள், சில பயிற்சிப் பள்ளிகளிலும் அப்படியே சொல்லித்தருகிறார்கள். அது பாதி உண்மை. அமுங்கிய காற்று அடுத்த கணமே பிஸ்டனைத் திருப்பித் தள்ளி, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. திரும்பாமல் போவது பிஸ்டன், பேரிங் ஆகியவற்றின் உராய்வும், காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் வேலையும், சிலிண்டர் சுவருக்குப் போகும் வெப்பமும்தான். பஸ், லாரிகளில் இருக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், புகை வெளியேறும் வழியைப் பாதி அடைத்து, அந்த வெளியே தள்ளும் வேலையை வேண்டுமென்றே கடினமாக்குகிறது.

கியர் குறையக் குறைய, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை கூடுகிறது. டாப் கியரைவிட இரண்டாம் கியரில் அது இரண்டு மூன்று மடங்காவது இருக்கும். இன்ஜினின் எதிர்ப்பும் அதே மடங்கில் பெருகிச் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. பஸ் உறுமுவது அதனால்தான். அந்தச் சத்தத்துக்காகப் பயப்படவேண்டியதில்லை. உண்டாகும் வெப்பமோ ரேடியேட்டர் வழியாகவும் சைலன்ஸர் வழியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது. வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே அமைந்தது இன்ஜினின் குளிரூட்டும் ஏற்பாடு. மலை ஏறும்போது டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தையே தள்ளிவிடும் அதற்கு, இறங்கும்போது வரும் முக்கால் பங்கு, அதாவது சுமார் 25 கிலோவாட், பெரிய சுமை அல்ல. "ஏறின கியர்லயே இறக்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வது இந்தக் கணக்கின் சுருக்கம். ஏறும்போது கொடுக்கவேண்டிய திறனும் (வினாடிக்கு எவ்வளவு ஆற்றல் என்பதுதான் திறன்) இறங்கும்போது தள்ளவேண்டிய திறனும் ஒரே சரிவின் இரண்டு பக்கங்கள் என்பதால் அது நல்ல வழிகாட்டி. ஆனால் சுமையும் வண்டியும் மாறும்போது ஒரு கியர் கீழே போகவும் தயாராக இருக்கவேண்டும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் எரிபொருள் செலுத்தும் இன்றைய இன்ஜின்களில், கியரில் இருந்தபடி காலை எடுத்தால் எரிபொருள் முற்றிலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் எரியும். மிச்சமும் இல்லை, இன்ஜினின் பிடிப்பும் இல்லை. இன்ஜினையே அணைத்துவிட்டால் பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்குக்கு வேண்டிய துணையும் சில அழுத்தல்களிலேயே தீர்ந்துவிடும்.

மகளுக்கு இன்னொன்றையும் காட்டலாம். ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கினாலும் கோத்தகிரி வழியாக இறங்கினாலும், இழக்கும் நிலை ஆற்றல் ஒன்றே. அது உயரத்தை மட்டும் பொறுத்தது, பாதையை அல்ல. அப்படியானால் மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையை, 36 கொண்டை ஊசி வளைவுகளோடு, எல்லோரும் ஏன் அஞ்சுகிறார்கள்? மசினகுடி மேட்டுப்பாளையத்தைவிட உயரத்தில் இருப்பதால் ஊட்டியிலிருந்து அங்கே இறங்கும் மொத்த ஆற்றல் குறைவுதான். ஆனால் அது மிகக் குறைந்த தூரத்துக்குள் வெளியாகிறது. ஆற்றல் குறைவு, திறன் அதிகம். வெப்பம் ஆறுவதற்குள் அடுத்த வெப்பம் வந்து சேர்கிறது. பாடத்தில் ஆற்றல், திறன் இரண்டையும் அடுத்தடுத்த பக்கங்களில் படித்துக் குழப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு இந்தச் சாலையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

விசைக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை மலை ரயிலும் தெளிவாகக் காட்டும். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் ஊட்டி வரையிலும் வந்த இந்தப் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவுக்கு ஏற்றம் இருக்கிறது. முழு ரயிலின் எடையில் 12இல் ஒரு பங்கு பின்னால் இழுக்க, அதை எதிர்க்கும் பிடிப்போ இன்ஜினின் சக்கரங்களுக்குக் கீழே மட்டும் கிடைக்கும். இரும்பின் மேல் இரும்பு, அதுவும் நனைந்த தண்டவாளத்தில், அவ்வளவு பிடிப்பைத் தராது. அதனால்தான் நடுவில் பல் தண்டவாளம். பல் சக்கரம் வழுக்காத விசையைத் தருகிறதே தவிர, ஒரு ஜூல் ஆற்றலைக்கூடத் தருவதில்லை. ஏறுவதற்கான ஆற்றல் நீராவியிலிருந்து வரவேண்டும், இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் பிரேக்குகளிலும் இன்ஜினிலும் வெப்பமாகவேண்டும். பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பது அழகுக்காக அல்ல.

அந்த ஆற்றலை வெப்பமாக வீணாக்காமல் பயன்படுத்த முடியாதா என்று அவள் அடுத்துக் கேட்பாள். முடியும்; இதே மலையில் 1932 முதல் நடந்துகொண்டிருக்கிறது. பைக்காரா நீர் 900 மீட்டருக்கு மேல் குழாயில் இறங்கி, சிங்காரா மின்நிலையத்தில் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரமாகிறது. ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 9,000 ஜூல். அங்கே நிலை ஆற்றலை வாங்கிக்கொள்ள ஒரு ஜெனரேட்டர் இருக்கிறது. டீசல் பஸ்ஸில் இல்லை. மின்சாரக் காரில் உண்டு. 1,600 கிலோ எடையுள்ள மின்சாரக் கார் குன்னூரிலிருந்து இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல் 6 யூனிட். டயர், காற்று, மோட்டார், பேட்டரி ஆகியவற்றின் இழப்புகள் போக, பாதியளவு பேட்டரிக்குத் திரும்பலாம் என்பது என் மதிப்பீடு. ஆனால் மேலேயே பேட்டரியை முழுதாக நிரப்பிக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது; சாதாரண பிரேக்கைத்தான் நம்பவேண்டியிருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு மீட்டர் நீளப் பலகையும் ஒரு சிறிய மரக்கட்டையும் போதும். பலகையின் ஒரு முனையைப் புத்தகங்கள் அடுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் கட்டையை விரலால் மெல்லத் தட்டிவிடச் சொல்லுங்கள். சரிவு குறைவாக இருந்தால் கட்டை சற்று நகர்ந்து நிற்கும். அதிகமானால் வேகம் எடுத்து ஓடும். இடையில் ஒரு சரிவில், தட்டிய வேகத்திலேயே சீராக இறங்கும். அந்த இடத்தில் கட்டைதான் நம் பஸ். எடையின் சரிவுப் பகுதியும் உராய்வும் சமம், உயரம் குறைகிறது, வேகம் கூடவில்லை, இழந்த ஆற்றல் கட்டையின் அடியிலும் பலகையின் மேலும் கைக்குத் தெரியாத அளவு வெப்பமாகிறது. அந்த நிலையில் பலகை முனையின் உயரத்தை அதன் கிடைத்தூரத்தால் வகுத்தால் வருவதே உராய்வுக் குணகம், அதாவது கட்டை பலகையை அழுத்தும் விசையில் உராய்வு எத்தனை பங்கு என்ற எண். பலகையில் மெழுகோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் கட்டை ஓரிடத்தில் வழுக்கி இன்னோரிடத்தில் நின்றுவிடும் என்பதால், முதலில் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பல தடவை செய்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். குன்னூர் மழைக்காலத்தில் மரம் ஈரம் வாங்கிக்கொள்ளும், ஆகவே வெயில் நாளில் வரும் எண்ணும் மழை நாளில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கவேண்டாம். இரண்டையும் நோட்டில் தேதியோடு எழுதி வைக்கட்டும்.